அண்ணனுக்குக் கோட்டு தைத்தவர்

என் மாமனார் தையல்காரர். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் அவருடைய கடை. ஒரு மெஷின், வெட்டும் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். கோட்டு தைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

அந்த வட்டாரத்தையே ஒரு ரவுடி கைக்குள் வைத்திருந்த காலம் அது. பேர் சொல்லக் கூடப் பயந்து எல்லோரும் அவனை அண்ணன் என்றார்கள். அவனைவிடப் பன்னிரண்டு வயது பெரியவரான என் மாமனாருக்கும் அவன் அண்ணன்தான்.

ஒரு மத்தியானம் அண்ணன் தனியாகக் கடைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தான். சுவரிலிருந்து கிழித்த சினிமா போஸ்டர். பசை காய்ந்து பின்பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கறுப்புக் கோட்டு போட்ட தாதா ஒருவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"இதே மாதிரி வேணும் மாஸ்டர்."

அளவு எடுக்கும்போதுதான் என் மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்பு முப்பத்துநான்கு அங்குலம். இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. ஊரே நடுங்கும் ஆளின் கழுத்தெலும்பு நோஞ்சான் பையனுக்கு இருப்பதுபோலத் துருத்திக்கொண்டிருந்தது. நோட்டில் எழுதினார். அண்ணன் அதை எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுங்க. அளவு தலையில இருக்கட்டும். வாயில வேண்டாம்."

கிழித்தார். எங்களிடம் அவர் வாய் திறந்தது அண்ணன் செத்து ஒன்பது வருஷம் கழித்துத்தான்.

ஒன்பது நாள் அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினார். தோளுக்குப் பஞ்சு, மார்புக்கு இரண்டு அடுக்குக் கேன்வாஸ், தாழ்ந்த பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு மெத்தை. போட்டுப் பார்க்கிற அன்று அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரு கையைப் பைக்குள் விட்டு, தலையை மட்டும் மெதுவாகத் திருப்பினான்.

"நான் வெட்டின துணி மாப்ளே, நான் அடைச்ச பஞ்சு," என்று என்னிடம் சொன்னார். "உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அவன் திரும்பினப்ப ஸ்டூல்ல உட்கார்ந்திருந்த நான் தானா எழுந்து நின்னுட்டேன். இப்ப நினைச்சாலும் மயிர்க்கூச்செறியுது."

பிறகு ஒரு நாள் அண்ணன் அதே கோட்டோடு வேகமாக வந்தான். கோட்டின் வலது கையில் முழங்கை வரை கறை.

"சாயங்காலத்துக்குள்ள கையை மாத்திடுங்க."

மீந்த துணி இருந்தது. பிளேடால் தையலைப் பிரித்து, புதுக் கை வைத்துக் கொடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் என் மாமியார்தான் சேதி கொண்டுவந்தார். பின்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒரு கிடங்குக்குக் கள்ளச்சாவி செய்ய மாட்டேன் என்றிருக்கிறார். அவருடைய பட்டறை மேஜையில் முடுக்கியிருந்த இடுக்கியிலேயே அவர் கையை வைத்துத் திருகியிருக்கிறான் அண்ணன். இரண்டு விரல் போய்விட்டது.

அந்தக் கறை எது என்று என் மாமனாருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஏழு கோட்டு தைத்தார்.

"பயமா மாமா?" என்று கேட்டேன்.

"பயம் பாதி. மீதியைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணாடி முன்னால திரும்பறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு."

அண்ணன் பிடிபட்டு, சிறையில் காமாலை வந்து செத்தான். அதிலிருந்து ஒன்பதாவது வருஷம் அவன் கதையைப் படமாக எடுத்தார்கள். எனக்குக் கல்யாணமான புதிது. குடும்பத்தோடு பகல்காட்சிக்குப் போனோம். அண்ணனாக நடித்தவர் ஆறடி, தேக்கு மரம் மாதிரி உடம்பு. அவர் கோட்டோடு நடந்து வந்தபோது அரங்கமே எழுந்து விசில் அடித்தது. பூட்டுக்காரரின் கையை இடுக்கியில் வைக்கிற காட்சியும் வந்தது. கதாநாயகன் நிதானமாக ஒரு வசனம் பேசிவிட்டுத் திருகினான். காது கிழிய ஒரே கைதட்டல். பக்கத்தில் பார்த்தேன். என் மாமனாரும் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மாமியாரும்.

மாமனார் சட்டென்று நிறுத்தினார். மிச்சப் படம் முழுக்கக் கைகளைத் தொடையடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "எல்லாம் தெரிஞ்ச என்னையே தட்ட வெச்சுட்டானே! என்ன சக்தி இது?" என்றார். குரலில் கோபத்தைவிடப் பிரமிப்புதான் அதிகம்.

மறுநாள் காலை பின்தெருவுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். பூட்டுக்காரர் மூன்று விரலால் அரம் பிடித்து ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவன் கோட்டுக்குக் கை மாத்திக் கொடுத்தது நான்தான்," என்றார் மாமனார், நின்றபடியே.

"தெரியும். இந்த ஊர்ல வேற யாரு கோட்டு தைக்கறா? உட்காருங்க."

மாமனார் உட்கார்ந்தார். பூட்டுக்காரர் சாவியை ஊதிவிட்டுக் கேட்டார்:

"படம் பார்த்தீங்களா? நான் மூணு தடவை பார்த்துட்டேன்."

"உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"அதுல பூட்டுக்காரனா வர்றவனைக் கவனிச்சீங்களா? பல்லைக் கடிச்சுக்கிட்டு அவனையே நேராப் பார்க்கறான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை." அரத்தைக் கீழே வைத்தார். "நான் அப்படி நிக்கலை மாஸ்டர். காலைப் பிடிச்சுக் கதறினேன். சாவியும் செஞ்சு தரேன்னு சொன்னேன். அதுக்கப்புறமும் திருகினான். இப்ப என் பேரப்பசங்க நான் படத்துல மாதிரியே நின்னேன்னு நம்பறாங்க. மூணு தடவை பார்த்ததுல எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துடுச்சு."

அரத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். வர்றீங்களா?" என்றார் பூட்டுக்காரர்.

போனார்கள். திரும்பி வந்த என் மாமனார் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் திரையைப் பார்க்கவே இல்லை மாப்ளே," என்றார். "அந்த இடுக்கிக் காட்சி வந்தப்ப அவரு சீட்டுல நிமிர்ந்து உட்கார்ந்தாரு. தாடையை இறுக்கிக்கிட்டுத் திரையில அவனையே முறைச்சாரு. அரங்கமே அவனுக்காகக் கத்துது. இவரு கண்ணைச் சிமிட்டலை. நான் எத்தனையோ பேரை நிமிர்த்தித் தைச்சிருக்கேன். அப்படி ஒரு நிமிர்வை இதுவரைக்கும் பார்த்ததில்லை."