நடுவில் இருக்கும் பொத்தான்

பக்கவாதத்தில் என் மனைவிக்கு வலது கையும் பேச்சும் போயின. கை திரும்பும் என்றார்கள் டாக்டர்கள். பேச்சைப் பற்றி அவர்களும் அவ்வளவாகப் பேசவில்லை. பேச்சுப் பயிற்சி தர வந்த பெண்மணி மட்டும், "வார்த்தை மட்டும் இல்ல சார், சில பேருக்குப் படமும் குழம்பும்" என்றார். மீட்டிங்கில் தலையாட்டுவதுபோல அதற்கும் தலையாட்டிவைத்தேன்.

எனக்கு வேறு யோசனை இருந்தது. கிண்டியில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் துயரத்துக்கும் ஒரு ஸ்லைடு போட்டுவிடலாம் என்று நம்பிய கூட்டம் எங்களுடையது. சேலையூர் வீட்டில் அவள் கட்டிலை ஒட்டி ஒரு மேஜை போட்டு, கம்ப்யூட்டரை வைத்தேன். ஒரே ஸ்லைடு, அதில் ஆறு படங்கள்: தண்ணீர், காபி, ஃபேன், டி.வி., பாத்ரூம், வலி. இடது கையால் மவுஸை நகர்த்தி எதை அழுத்துகிறாளோ, அதைக் கம்ப்யூட்டர் உரக்கச் சொல்லும். சொல்லவைக்க ஒரு மேக்ரோ எழுதினேன். கோப்புக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் குட்டி நிரல் அது.

குரல் என்னுடையது. சளி பிடித்த ரேஷன் கடைக்காரர்போல அவள் காபி கேட்டாள். "இத்தனை வருஷமா என் பேச்சைக் கேட்டியா? இனிமே என் பேச்சுதான் உன் பேச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாளா என்று, அசைகிற பாதி முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஒரே தொல்லை. கோப்பைத் திறக்கும்போதெல்லாம் திரையில் ஒரு பெட்டி குதித்து வரும். இதில் மேக்ரோ இருக்கிறது, மேக்ரோவில் வைரஸ் இருக்கலாம், என்ன செய்யட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கும். முதல் பொத்தான் மேக்ரோவை முடக்கும்; நடுவில் இருப்பது அனுமதிக்கும். முடக்கிவிட்டால் படங்கள் அழகாக வரும், சத்தம் மட்டும் வராது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள மேடவாக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். முதல் நாள் மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், "பேசினாளா?"

"உன் பொட்டி ஊமையா கீது சார்."

"நடுவுல இருக்கறதை அழுத்தச் சொன்னேனேக்கா?"

"அதுல வைரஸ்னு போட்டுகினு கீது. நானும் பத்தாவது வரைக்கும் போனவதான். அம்மாவுக்கு ஏற்கெனவே ஒடம்பு முடியல, வைரஸ் வேற இன்னாத்துக்கு? மொத பட்டனை அமுக்கிட்டேன்."

"அது கம்ப்யூட்டருக்கு வர்ற வைரஸ்க்கா."

"கம்ப்யூட்டரு எங்க கீது? அம்மா பக்கத்துலதானே கீது?"

தெரியாத மேக்ரோவை முடக்குங்கள் என்று அலுவலகம் முழுக்க நான் மடல்மேல் மடலாக அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் மதித்ததில்லை. சொல்லாமலே மதித்த ஒரே ஆள் என் வீட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, நடுப்பொத்தான் வரும் இடத்தில் திரையில் ஒட்டினேன். அக்கா பொட்டின்மேல் அழுத்தத் தொடங்கினார். அப்படியும் மாலையில் வந்து கேட்டால், "அம்மா அமுக்கும் சார், அப்புறம் அழுவும்" என்பார். கரண்ட் போய் வந்திருக்கும், கோப்பை மறுபடி திறந்திருப்பார், பழைய பயத்தில் மறுபடி முதல் பொத்தான்தான் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலில் தாம்பரம் வரும்வரை அந்தப் பெட்டியை மனதுக்குள் திட்டிக்கொண்டே வருவேன்.

அக்கா வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேக்ரோ பாதுகாப்பை ஆகக் கீழே இறக்கினேன். என் தொழிலில் அது வாசல் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். கோப்பைத் திறந்தேன். எந்தக் கேள்வியும் வரவில்லை.

"இனிமே எதுவும் குறுக்கே வராது. சொல்லு" என்றேன்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஃபேனை அழுத்தினாள். "ஃபேன் போடு" என்றது என் குரல். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேகத்தைக் கூட்டினேன். இல்லை என்று தலையசைத்தாள். வலியை அழுத்தினாள். "எங்க வலிக்குது?" என்று பதறினேன். இல்லை. டி.வி. இல்லை. மறுபடி ஃபேன். ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் அழுத்தினாள். சத்தம் வந்ததும், இது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. வேண்டியது எது என்று அவளுக்குத் தெரியும். அது விரலுக்கு வருவதற்குள் வேறொன்றாகிவிடுகிறது.

கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய நிரல்களிலேயே பிசகில்லாமல் ஓடியது அதுதான். திட்டுவதற்கு அந்தப் பெட்டியும் இப்போது இல்லை.

கடைசியாகத் தண்ணீரை அழுத்தினாள். சமையலறைக்கு ஓடினேன். டம்ளரைப் பார்த்ததும் அதற்கும் தலையசைத்தாள்.

"இதுவும் இல்லையாம்மா?" என்றேன்.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி டம்ளரை வாங்கி, நிறுத்தி நிறுத்தி முழுவதும் குடித்தாள். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். நான் சரியாகத்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்பதுபோல, காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.