ஜெனரேட்டர் இறுகிப்போன நாட்களில் எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த வேளையில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

என்ன எழுதலாம் என்று உங்களில் பலரிடம் கேட்டேன். சொல்லி வைத்ததுபோல எல்லோரும் ஒரே சொல்லைத் தந்தீர்கள்: பொறுமைசாலி. மன்னிக்க வேண்டும், அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்கா பொறுமைசாலி அல்லர். பஸ் கொஞ்சம் தாமதித்தால் நடக்கத் தொடங்கிவிடுவார். அரிசியில் கல் கிடந்தால் அரிசியையே திட்டுவார். வாழ்நாளில் அவர் செய்த நல்ல காரியங்களில் பெரும்பாலானவற்றை முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். அவரை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் உள்ளபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ரங்கூனின் இன்சீன் ரயில்வே குடியிருப்பில். அப்பா அங்கே பணிமனையில் வேலை பார்த்தார். நான் தவழும் வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, நகரைச் சுற்றும் வட்ட ரயிலேறி லத்தா பகுதியில் ஒரு மொத்தத் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்ததும், அச்சகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தாம்.

அத்தானை அவர் சந்தித்தது அந்தத் துணிக்கடையில்தான். அத்தான் பர்மியர். அலோன் ஆற்றங்கரையில் அரிசிக் கிடங்கில் மூட்டைகளைக் கணக்கெடுத்து ஏற்றுபவர். தம் தாயாருக்கு லுங்கி வாங்க வந்து, காட்டிய நிறம் எதுவும் பிடிக்காமல் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். மறுவாரமும் வந்தார். அம்மா இந்தத் திருமணத்துக்குச் சம்மதிக்கவில்லை. அக்கா அம்மாவை விட்டுப் போகவும் இல்லை, அத்தானை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அம்மா காலமான பிறகே திருமணம் நடந்தது. அதற்குள் இருவருக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. திருமணத்துக்கு வராத உறவினர்கள் சிலரும் இன்று இதைப் படிப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேனே தவிர, யாரையும் குறை சொல்லவில்லை.

பல ஆண்டுகள் சுவாசித்த அரிசித் தூசி அத்தானின் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் வீட்டில் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். இயந்திரம் வந்தது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டுமே. ரங்கூனில் இந்த ஆண்டுகளில் மின்சாரம் எப்படி வந்து போகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் இன்சீன் வீட்டின் பின்புறம் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் வந்து உட்கார்ந்தது. எல்லோரையும் போல நாங்களும் அதை ‘மீ செட்’ என்றோம். மின்சாரம் போனதும் அக்கா ஓடிப்போய்க் கயிற்றை இழுப்பார். அத்தானின் மூச்சு அந்தக் கயிற்றில்தான் இருந்தது.

ஒரு நாள் நண்பகலில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சத்தம் மாறியது. உள்ளே ஏதோ தட்டியது. ஒரு முனகலோடு நின்றுவிட்டது. அக்கா கயிற்றை இழுத்தார். அசையவே இல்லை. அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை அத்தானுக்கு மாட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, மீ செட் ஜாம் ஆயிருச்சு. கயிறு கல்லு மாதிரி நிக்குது. கெளம்பி வா.”

நான் போய்ச் சேர்ந்தபோது எதிர்வீட்டு அம்மா டோ கின் தம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து சாலைக்கு மேலாக ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்திருந்தார். ஆக்சிஜன் இயந்திரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? நடுவே மின்சாரம் வந்தால்தானே அது மீண்டும் நிரம்பும்?

எங்கள் மீ செட்டை வழக்கமாகப் பார்க்கும் கோ சோ எல்லை தாண்டி வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவரைப் போல எத்தனையோ மெக்கானிக்குகள் போய்விட்டார்கள். சந்தைப் பக்கம் இருந்த வேறொருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். “மயபூ” என்றார். முடியாது என்று பொருள். புதிது வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊரே புதிது தேடிக்கொண்டிருந்தது. எந்தக் கடையிலும் சரக்கு இல்லை.

அக்கா அந்த மனிதர் போன திசையைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னார். பிறகு பழைய லுங்கி ஒன்றை அடுப்படித் தரையில் விரித்தார்.

“தூக்கு. உள்ள கொண்டு வா. நம்மளே தொறப்போம்.”

“அக்கா, நமக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அந்தாளுக்கும்தான் தெரியல. தூக்குடா.”

முதலில் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தோம். அளவு பார்க்கும் குச்சி காய்ந்து வந்தது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எண்ணெய் குறைந்தால் தானாக நின்றுவிடும் எஞ்சின் அல்லவா இது என்று நான் கேட்டேன். அக்கா குனிந்து பார்த்தார். நிறுத்தும் கருவிக்குப் போகும் ஒயர் வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கோ சோவை நான் திட்டத் தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அவன வையாத. நான்தான் சொன்னேன். அடிக்கடி நின்னு போகுது, நிக்காம பண்ணிக் குடுன்னு. பண்ணிக் குடுத்துட்டான்.”



எண்ணெய் இல்லாமல் சூடேறி பிஸ்டன் எஞ்சின் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போனில் பார்த்த வீடியோக்களும் அதையே கூறின. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலை ஊற்றி ஊற வைத்தோம். மறுநாள் வேலைக்குப் போகும் முன் வந்து, வெளியே தெரியும் நட்டில் ஸ்பேனரை மாட்டி எஞ்சினைச் சுற்ற அழுத்தினேன். அசையவில்லை. மீண்டும் ஊற்றினோம். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி என் முழு எடையையும் கொடுத்தேன். குழாய் வளைந்தது. எஞ்சின் வளைந்து கொடுக்கவில்லை. தினமும் இதே கதை. வீடு முழுவதும் டீசல் நாற்றம். அச்சகத்தில் என் சட்டையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் அக்காவிடம் எரிந்து விழுந்தேன், அக்கா என்னிடம் எரிந்து விழுந்தார். பக்கத்து அறையில் படுத்திருந்த அத்தான் மட்டும் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

“விடும்மா. சத்தம் இல்ல. வீடு இப்பதான் நல்லா இருக்கு.”

“நீங்க பேசாதீங்க கோகோ. பேசினா மூச்சு வீணாப் போகுது” என்று அக்கா இங்கிருந்தே கத்தினார். அத்தானை அவர் பர்மிய வழக்கப்படி ‘கோகோ’ என்றுதான் அழைப்பார்.

கடைசியில் அக்கா பொறுமையிழந்து சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டையே கழற்றினார். உள்ளே பார்த்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிலிண்டர் சுவர் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பிஸ்டன் எதிலும் ஒட்டவே இல்லை. இத்தனை நாள் டீசல் ஊற்றிய இடத்தில் பழுதே கிடையாது!

அக்கா ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.  பிறகு தாமே எழுந்து போய் அந்த ஸ்பேனரை எடுத்து வந்தார்.

“மேல இல்லன்னா கீழதான் இருக்கு. பக்கத்து மூடியத் தொற.”

கீழேதான் இருந்தது. பிஸ்டனையும் அடியில் சுழலும் தண்டான கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு அலுமினியத்தால் ஆனது. அது எண்ணெயின்றிச் சூட்டில் உருகி, சுழலும் கிராங்கின்மேல் அப்பிக்கொண்டிருந்தது. ராடை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. கிராங்கின்மேல் அப்பியிருந்ததை அக்கா சொரசொரப்பான எமரித் தாளை நாடாவாகக் கிழித்துச் சுற்றி, இரு கைகளாலும் மாறி மாறி இழுத்து இழுத்துத் தேய்த்தார். நகத்தால் தடவிப் பார்ப்பார், திட்டுவார், மறுபடியும் தேய்ப்பார்.

உடைந்த ராடைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு உதிரிபாகம் விற்கும் தெருவுக்குப் போய், அதேபோல ஒன்று வாங்கி வந்தேன். பார்வைக்கு அச்சாக அதே. மாட்டினால் நீளம் கூடுதல். திரும்பவும் ரயில், திரும்பவும் அதே தெரு. இரண்டாவது ராடு பொருந்தியது. எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் ஊற்றிக் கயிற்றை இழுத்தபோது எஞ்சின் சுற்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அது சுற்றியதே தவிர ஓடவில்லை. இழுக்க இழுக்க ஒரு தடவை வெடித்துப் புகை கக்கியதுதான் மிச்சம்.

“என்னடா பண்ணித் தொலைச்சோம்?” என்றார் அக்கா.

வீடியோவை மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். உள்ளே இரண்டு பல்சக்கரங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இருக்கும். இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தோம். சக்கரம் ஒரு பல் தள்ளி நின்றது. பிரித்ததில் மூடியின் இடைவெளியை அடைக்கும் காகித கேஸ்கெட் கிழிந்துபோனது. அக்கா பிஸ்கட் அட்டைப் பெட்டியைத் தட்டையாக விரித்து, மூடியை அதன்மேல் அமுக்கி, எண்ணெய்த் தடம் பதிந்த கோட்டில் கத்தரித்தார். துணிக்கடையில் பழகிய கை, கோணல் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து டோ கின்னின் பேட்டரி இறங்கிவிட்டது. காலை முதல் மின்சாரம் வராததால் அது நிரம்பவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினோம். அதிலும் முள் சிவப்புக் கோட்டுக்கு அருகே நின்றது. நிரப்பக் கொடுத்த இன்னொரு சிலிண்டர் இன்னும் திரும்பவில்லை. அத்தானின் உதடுகள் நிறம் மாறத் தொடங்கின. டோ கின் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே புத்த மந்திரத்தை முணுமுணுத்தார்.

நான் அறைக்கும் அடுப்படிக்குமாக ஓடினேன். “அக்கா, வண்டி வெச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்.”

“வண்டிக்குச் சொல்லு. வர்ற வரைக்கும் நான் இத முடிக்கிறேன்.” அவர் தலை நிமிரவில்லை. புள்ளிக்கு நேர் புள்ளியை வைத்து என்னைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொன்னார். மூடியைப் பூட்டினார். அவசரத்தில் ஒரு போல்ட் தரையில் உருண்டது. தேடி எடுத்து அதையும் முடுக்கினார். இருவருமாக மீ செட்டைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் நின்றது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது.

அக்கா மகிழ்ச்சியில் குதிக்கவில்லை. எஞ்சினைப் பார்த்து, “இதுக்குத்தானா இவ்வளவு படுத்தின?” என்று கத்தினார். உள்ளே ஓடி ஆக்சிஜன் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். வண்டி வந்து வாசலில் நின்றபோது அத்தானின் உதடுகளுக்குப் பழைய நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் மெல்ல, “ரொம்பச் சத்தம்” என்றார். அப்போதுதான் அக்கா அழுதார். அழுதுகொண்டே அவரையும் திட்டினார்.

அந்த எஞ்சின் இன்றும் ஓடுகிறது. அக்காதான் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, இன்சீன் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். அன்று போன் இணைப்பு சரியில்லாததால் எனக்குச் செய்தி தாமதமாகத்தான் வந்தது. போய்ப் பார்த்தபோது அவர் கண் திறக்கவில்லை, திறக்கவும் போவதில்லை என்றார்கள். நோயாளி அத்தான் இருக்க அக்கா முந்திக்கொண்டதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

இறுதிச் சடங்கில் யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு எழுந்தது. தம்பி வைக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அத்தான் பர்மியர், புத்தரை வணங்குபவர், படுக்கையிலிருந்து எழ முடியாதவர் என்று அவர்கள் நினைத்தார்கள். அத்தான் என் கையைப் பிடித்து, “மச்சான், நான் வைக்கிறேன் நோ” என்றார். பர்மியப் பேச்சில் ‘நோ’ என்றால் ‘சரிதானே’. ஆனாலும் அவர் கேட்டது அனுமதி அல்ல.

சின்ன சிலிண்டரோடு அவரை மயானத்துக்கு அழைத்துப் போனோம். ஆக்சிஜனை நெருப்புக்கு அருகே கொண்டு போகக் கூடாது என்பதை அக்கா எங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்திருந்தார். நானும் சிலிண்டரும் வேலியோரம் தள்ளி நின்றோம். அத்தான் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு கொள்ளியை வாங்கிக்கொண்டு தனியாக நடந்தார். பாதி வழியில் நின்று வாயால் மூச்சு வாங்கினார். தாங்கிப் பிடிக்க ஓடியவர்களைக் கையசைத்து நிறுத்தினார். போய் வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

அன்று எங்களோடு நின்ற ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சாலைக்கு மேலே ஒயர் இழுத்துத் தந்த டோ கின்னுக்கும், சந்தையில் சரிந்த அக்காவைத் தம் தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்ற மீன் வியாபாரிக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டு வந்த அயலார்க்கும், திருமணத்துக்கு வராவிட்டாலும் மயானத்துக்கு வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் இப்போது இன்சீன் வீட்டில் அத்தானோடு இருக்கிறேன். வாருங்கள். வரும்போது மின்சாரம் போயிருந்து, மீ செட் சத்தத்தில் கதவைத் தட்டியது எனக்குக் கேட்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கொல்லைப்புறமாகச் சுற்றி வாருங்கள், அங்கேதான் இருப்பேன்.