கோச்சை போன தளபதி

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். படிப்பும் பத்தாவதோடு நின்றது. இப்படிப்பட்டவள் ஒரு விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்ததைப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும்போல் இருக்கிறது.

எங்கள் ஊரான தேவாரத்தில் என் தம்பியின் உரக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆட்டம் நடக்கும். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்கள்; வேறு ஏதோ கிரகத்தில் போர். டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். தம்பி, அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர், ஆள் குறைந்ததால் நான். அடிபட்டவனைச் சுவருக்குப் பின்னால் இழுத்துக் காப்பாற்றினால் அடுத்த வாரமும் அவன் வருவான். அதற்காகவே நான் போனேன்.

அப்புறம் தம்பி அந்த ஆட்டத்துக்கே ஒரு கூடுதல் பெட்டி வாங்கினான். அதில் படை கிடையாது. வட்டமான குழி, ஒருவனுக்கு ஒருவன், சுற்றிலும் அட்டையில் அச்சடித்த கூட்டம். விழுந்தவனைச் சும்மா விட்டால் கூட்டம் சலித்துக்கொள்ளுமாம். மிதித்தால் ஆரவாரம், நமக்கு ஒரு பகடை கூடுதல். விதிகளைத் தம்பி வாசித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு அதுவும் போதவில்லை.

"சேவக்கட்டு மாதிரியே இருக்குல்ல?" என்றான் ஒரு கூட்டாளி. "அப்பக் கோச்சையும் உண்டுல்ல?"

சேவல் சண்டையில் தோற்ற சேவல் ஜெயித்தவனுக்குச் சொந்தம். அன்றைக்கே அவன் வீட்டுக் குழம்பில் கொதிக்கும். அதுதான் கோச்சை. பொம்மையைக் குழம்பு வைக்க முடியாதே! அதனால் ஜெயித்தவர் அதன் தலையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி டீ கிளாஸில் போட வேண்டும் என்று முடிவாயிற்று.

ஒருநாள் எனக்கு எதிரே தம்பியின் தளபதி. ஒற்றைக் கை, நீலச் சட்டை. மழைக்காலத்தில், வியாபாரம் இல்லாத மத்தியானங்களில், தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குப் புருவம் தீட்டியதைப் பார்த்திருக்கிறேன். பகடையோ எனக்கே விழுந்துகொண்டிருந்தது. தளபதி சாய்ந்தான்.

"யக்கா, நறுக்குங்க! கூட்டம் கத்துது!"

கத்தியது இவர்கள்தான். வாயோரமெல்லாம் மிக்சர் எண்ணெய்.

பொம்மையைத் தம்பி பக்கம் தள்ளினேன். "எனக்கு வேணாம்ப்பா. நீயே வச்சுக்க."

அவன் முகம் கறுத்துவிட்டது. கோச்சையைத் திருப்பிக் கொடுப்பது சேவல்காரர்களுக்கு முகத்தில் துப்பியது போல. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

"ஏலே, அக்கா உனக்குப் பிச்ச போட்டுருச்சுடா!" என்று கூவினான் ஒரு கூட்டாளி.

"என்னக்கா, என்னயச் சின்னப்பயன்னு நெனச்சியா?" என்றான் தம்பி. "அப்பா சேவக்கட்டுல தோத்தா சேவலக் கையில குடுத்துட்டுப் பேசாம வந்துருவாக. தெரியும்ல?"

பிளேயரை எடுத்து அவனே நறுக்கினான். டக்கென்று தலை டீ கிளாஸில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் கடைக்கு யூரியா லோடு வந்தது. தம்பி கணக்குப் பார்த்து இறக்கினான். அந்த கிளாஸைக் கழுவி அதிலேயே எனக்கு டீ கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.