தாளில் சுற்றிய சூடு

இரண்டு வருடங்களுக்கு முன், மகளின் கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, கண்டி டவுனில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் குப்புறப் படுத்திருந்தேன். இடுப்புவலி எனக்கு ஐந்து வருடப் பழக்கம். அதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வாசித்திருந்தேன்; குனிந்து வாசித்ததில் வலிதான் கூடியது.

வீட்டிலோ, சுகமாகிவிட்டது என்று புளுகியிருந்தேன். தாரை வார்க்க நீண்ட நேரம் சம்மணமிட்டு உட்கார வேண்டும். வலி இருப்பது தெரிந்தால் என் இடத்தில் தம்பியை உட்கார வைத்துவிடுவார்கள். அவன் தினமும் யோகாசனம் செய்கிறவன். தினமும் அதைச் சொல்கிறவனும்கூட.

அங்கிருந்த மிஸ் சொன்ன வைத்தியம் எளிது. துவாயில் சுற்றிய சுடுதண்ணி பேக் கால் மணித்தியாலம், பிறகு கையால் நீவல், பிறகு நடை. நீவப் பழகுவதற்கு வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். கூட்டிவராதவர்கள் இரண்டு பேர்: கிளார்க் வேலை பார்க்கும் நானும், அலவத்துகொடையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு நாநாவும். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நாநா என்போம். மிஸ் எங்களைச் சோடி சேர்த்துவிட்டார்.

முதலில் நான் நீவினேன்.

"மெதுவா, கிளார்க் ஐயா. ரொட்டிக்கு மா பிசையிற மாதிரி வாணாம்."

"பாவம் பாத்துத்தான் செய்றேன், நாநா."

"பாவம் பாத்தா இப்பிடியெண்டா, கோவம் வந்தா எப்பிடி?"

மூன்று கிழமையில் ஒருவர் முதுகு மற்றவருக்கு மனப்பாடமானது. தம்பி விஷயத்தையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்தின் பின்னறையில் வேட்டி கட்டக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. கதிரையைப் பிடித்தபடி நிற்க, வெளியே தம்பியின் குரல் கேட்டது: "அண்ணனக் காணோமே. வராட்டி நான் உக்கார்றேன்."

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் நாநா. கையில் பூப்போட்ட தாளில் சுற்றிய பரிசுப் பொதி. வாங்கினேன், சூடாக இருந்தது.

"ஆளக் காணல்லயெண்டதும் வெளங்கிட்டு. சமையல்காரங்கள்ட்ட பேக்குல சுடுதண்ணி ஊத்தி எடுத்தேன். தம்பி பாத்துடுவாரெண்டுதான் தாள் சுத்தினது. படுங்க."

கால் மணித்தியாலம் சூடு. அதற்குமேல் அவர் கை. ஐயர் மூன்றாம் முறை கூப்பிட்டபோது நானே நடந்து போய் உட்கார்ந்தேன். தாரையும் வார்த்தேன்.

அன்றிரவே மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். இப்போது அவளும் நீவப் பழகிவிட்டாள். நாநா அளவுக்கு இரக்கம் கிடையாது.

கல்யாண ஆல்பத்தில் ஒரு படம். எல்லோரும் மகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நாநா மட்டும் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு கண் நம்மேல் இருந்தால் மனிதன் எவ்வளவு நேரமும் நிமிர்ந்து உட்காரலாம் என்பதை நான் வாசித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.