கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் உறை

நானே கற்று, என் கையாலேயே பாகங்களைப் பூட்டி உருவாக்கிய கணினி, வீட்டில் அரைமணிக்கொரு முறை அசைவற்று நின்றது. இன்று அதைப் பாகங்கள் வாங்கிய சங்கரன்கோவில் கடைக்கே எடுத்துச் சென்றேன்.

"வீடியோவப் பாத்து மாட்டினா இப்படித்தாம்க்கா ஆவும். கழத்திட்டு நானே மாட்டித் தாரேன்" என்றார் கடைக்காரர்.

"ஒரு ஸ்குரூவயும் தொடாதீங்க அண்ணாச்சி. மொதல்ல ஓட்டிப் பாப்போம்."

ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

அப்போதுதான், கணினியிலிருந்து கழற்றி என் மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கவனித்தேன். "புதுசு, தூசி படாம மூடியே வைங்க" என்று அவரே கொடுத்தது. வீட்டில் மூடியபடியேதான் ஓட்டினேன். வெப்பம் வெளியேற வழியில்லை.

உறையை அவரிடமே நீட்டினேன். "இத நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் அறிவுரையை நம்பியது என் பிழை. பூட்டியதில் பிழையில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டில் இன்னும் உறை கழற்றப்படாத பொருள் எது?