பேர் கிடந்த பாட்டு

கொரோனாவுக்கு முந்தின வருஷம். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக்காரர் குடியிருப்புகளுக்கு நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலம். மழை விட்ட ஒரு காலையில், ஆராய்ச்சிக்கு வந்து தங்கியிருந்த மதுரைப் பெண்ணைத் திரும்பக் கூட்டி வரப் போயிருந்தேன்.

முந்தின நாள் அங்கே நோயில் கிடந்த ஒரு அக்காவுக்குத் தீனம் மாற, மலைத்தெய்வங்களையும் அவர் பேரையும் கூப்பிட்டுச் சாற்றுப்பாட்டு பாடியிருக்கிறார்கள். ஊர்த் தலைவரிடம் சம்மதம் கேட்டு இந்தப் பெண் அதை முழுக்கப் பதிவு செய்திருந்தாள். அதற்காகத்தான் மாதக்கணக்கில் அலைந்தாளாம்.

வண்டியைக் கிளப்பும்போது அந்த அக்காவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து குறுக்கே நின்றார்.

"மோளே, அந்தப் பாட்ட அழிச்சிட்டுப் போ."

"நான் சம்மதிச்சாச்சில்லா?" என்றார் தலைவர்.

"நீரு சம்மதிச்சீரு. தீனம் எனக்குல்லா? அதுல கூப்பிட்டது எம் பேரயாக்கும். எங்கயோ ஒருத்தன் சாயா குடிச்சிக்கிட்டு அதப் போட்டா இங்க எனக்கு என்ன ஆவும்?"

தலைவர் தலையைச் சொறிந்தார். அந்தப் பெண் முகம் வாடிப்போய், போனில் இருந்ததை அக்கா கண்முன்னே அழித்தாள்.

அணை தெரியும் வளைவுக்கு வந்திருந்தோம். அங்கே, "அண்ணா, நிறுத்துங்க. லேப்டாப்ல இன்னொரு காப்பி இருக்கு" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கப் போவதில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "திருப்பிரலாமாண்ணா?"

குறுகலான வளைவு, ஒரு பக்கம் பள்ளம். முன்னும் பின்னும் உருட்டி ஒருவழியாகத் திருப்பினேன்.

அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அழிக்கதுக்கு முன்ன நான் கேக்கட்டு. எனக்குப் பாடுனதுதானே" என்றார். தன் பேர் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் சிரித்தார்.

"இவ்வளவு வாட்டியா கூப்பிட்டிருக்காவ. நான் கொஞ்சம் நேரத்தே எழும்பியிருக்கலாம்."

அதையும் அழித்தாயிற்று. மரச்சீனியும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் எங்கள் முன்னால் வந்தன. சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அக்கா சொன்னார்:

"இனி போன எடு மோளே. மரச்சீனிக் காவலுக்குப் பன்னி வெரட்டுத பாட்டு ஒண்ணு உண்டு, நான் தாறேன். டிரைவரண்ணனும் எடுத்துக்கட்டு. எங்க வேணும்னாலும் போடுங்கோ, பன்னிதான் ஓடும்."

ஜீப்பை எப்போதோ விற்றுவிட்டேன். பன்னியே வராத எங்கள் தெருவில் இருந்துகொண்டு, அக்கா தானாகத் தந்த அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம், எங்களிடம் இல்லாமல் போன மற்றப் பாட்டை நினைத்துத்தான் எனக்கு மனசு நிறைகிறது.