நான் ஏழு முறை எழுதிய பரீட்சை

அபார்ட்மென்ட் வளாகத்தில் ஒன்பது வருடம் மாப் பிடித்துவிட்டு, பத்தாவது வருடம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஆனேன். நீலக் காலர் வைத்த சட்டை, ஒரு வாக்கிடாக்கி, உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு கால் ஆடும். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் அடுத்தவர் சொன்ன வேலையைச் செய்தவர்கள்தான். வேலை சொல்லும் இடத்துக்கு வந்த முதல் ஆள் நான். அதனால் அந்த நாற்காலி ஆடியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் கழித்து எங்கள் கம்பெனியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. சூப்பர்வைசர்கள் அனைவரும் ஆன்லைனில் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் சான்றிதழ் இல்லை என்றால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும். அதாவது மாப். எட்டு மாதத்தில் அது எங்கேயும் போய்விடவில்லை, ஸ்டோர் ரூமில்தான் சாய்ந்து கிடந்தது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து படூர் வரும் பஸ்ஸிலேயே பாடத்தைத் திறந்தேன். யாரோ மலிவாகக் கிடைத்தது என்று வெளிநாட்டுப் பாடம் ஒன்றை வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. மத்திய அரசு விதி ஒரு பாகம், மாநில விதி ஒரு பாகம். உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றது. நீளமான பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். தமிழ்நாடு இல்லை. ஆந்திராகூட இல்லை. மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"ஏதோ ஒண்ண போட்டு வுடும்மா. எல்லாம் ஒரே சேஃப்டிதான்" என்றார்.

பட்டியலில் விரல் பட்டதைப் போட்டேன். அன்று முதல் நான் பார்த்தே இராத ஒரு மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் ஆனேன். அந்த ஊரில் வாசலில் பனி உறைந்தால் சூப்பர்வைசர்தான் உப்புத் தூவ வேண்டுமாம். எங்களுக்குக் கடல் காற்றே உப்பைக் கொண்டுவந்து லிஃப்ட் கதவுவரை தூவிவிட்டுப் போகிறது, பனிதான் இன்னும் வந்து சேரவில்லை. கத்திரி வெயிலில், கழுத்தில் வியர்வை வழிய, பனிக்கால பூட்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். வீடியோவின் கீழே தமிழ் எழுத்து ஓடியது. அந்தத் தமிழை எந்தத் தாய் பெற்றாளோ தெரியாது.

வீடியோவைத் தள்ளிவிட்டு ஓட முடியாது. முழுக்க ஓடினால்தான் 'அடுத்து' பட்டன் எரியும். நடுநடுவே "இருக்கிறீர்களா?" என்று வேறு கேட்கும். இருக்கிறேன் என்று தொட வேண்டும். நான் இருக்கிறேனா என்று அதற்கு முன்பு எங்கள் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை.

எண்பத்திரண்டு மார்க் வாங்கினேன். என் கெட்ட நேரம், நான்தான் முதலில் பாஸானேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பிளாக் சூப்பர்வைசர்கள் ஐந்து பேரும் போனை என் முன்னால் வைத்துவிட்டார்கள். "யக்கா, உனக்குத்தான் தெரிஞ்சி கீதே, அப்டியே அமுக்கி வுடு." எங்கள் வளாகத்தில் இதுதான் முறை. ஒருவருக்கு ஒரு வேலை தெரிந்துவிட்டால் அது எல்லோருடைய வேலையும் ஆகிவிடும். கடைசியாக மேனேஜரும் தன் போனைக் கொடுத்து அனுப்பினார். அவருக்கு மீட்டிங் இருந்ததாம்.

ஆக, ஒரே பாடத்தை ஏழு முறை கேட்டேன். பனி ஏழு முறை பெய்தது. மூடிய தொட்டி பற்றிய பாடமும் ஏழு முறை ஓடியது. சாமி பாட்டைப் போல அது மனப்பாடம் ஆகிவிட்டது. உள்ளே காற்றைச் சோதிக்காமல் ஆளை இறக்காதே. நாற்றம் இல்லை என்றால் விஷவாயு இல்லை என்று நம்பாதே, அது முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். உள்ளே விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவனும் அங்கேயே விழுவான். ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தச் சூப்பர்வைசருக்கு உரிமை உண்டு. தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று நம் நாட்டிலேயே சட்டம் இருக்கிறது. அது அந்தப் பாடத்தில் வரவில்லை. அங்கே பனி அள்ளவே நேரம் போதவில்லை.

ஏழாவதாக எழுதியது மேனேஜருடையது. கை பழகிவிட்டதால் அவருக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது. ஆபீஸ் சுவரில் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிறு காலை கழிவுநீர்த் தொட்டியின் பம்பில் ஏதோ துணி சிக்கி அடைத்துக்கொண்டது. தரைத்தள வீடுகளில் நாற்றம். பதினொரு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். உறிஞ்சுகிற லாரி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மேனேஜர் பிளம்பிங் வேலைக்கு வரும் ஆளைக் கூப்பிட்டார். அவன் எங்கள் தெருக்காரன், என்னோடு அதே பஸ்ஸில் வருகிறவன். நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டி மூடியைத் திறந்து வைத்து, சட்டையைக் கழற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு நிமிஷ வேலைக்கா. எறங்கி துணிய உருவிட்டு ஏறிடுவேன்."

"எறங்காத" என்றேன். ஏன் என்று கேட்டான். ஏழு முறை கேட்டதை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மூக்கு மரத்துப்போவது, விழுந்தவன், தூக்கப் போனவன், எல்லாம்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, நானும் அதே டிரெய்னிங் முடிச்சவன்தான். உன் மார்க் எம்பத்தி ரெண்டு. என் மார்க் தொண்ணூத்தி எட்டு. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அந்தத் தொண்ணூற்றெட்டை வாங்கிக் கொடுத்த விரலையே அவர் முன்னால் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு உண்மையாகவே மறந்துவிட்டது. சுவரில் தினமும் பார்த்துப் பார்த்து, தானே எழுதியதாக நம்பிவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த நாற்காலி போய்விடும் என்று நன்றாகவே தெரிந்தது. இருந்தும், இவன் உள்ளே போய் மேலே வராவிட்டால் இவன் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஃபைபர் மூடியை இழுத்துத் தொட்டி வாயை அடைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் கத்தினார். சங்கத்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். லாரி வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை. வந்தது, குழாயை விட்டது, யாரோ தூக்கியெறிந்த ஒரு குழந்தைச் சட்டையை உறிஞ்சி எடுத்தது.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். என் சான்றிதழில் வேறு ஏதோ ஊர் போட்டிருக்கிறதாம், அதனால் இங்கே செல்லாதாம். சுவரில் இருந்ததிலும் அதே ஊர்தான் போட்டிருந்தது. அது செல்லும் போலிருக்கிறது, கண்ணாடி போட்டிருந்ததே. நீலக் காலர் சட்டையை மடித்து மேசைமேல் வைத்தேன். வெளியே வந்து பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். பிறகு, எப்படியும் உள்ளே போயாயிற்றே என்று அந்தப் பாத்ரூமையும் கழுவிவிட்டு வந்தேன்.

என்னால் இங்கே வேலை போய்விட்டதே என்று அந்தப் பிளம்பர் மூன்று வாரம் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவில்லை. வேறு வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நானும் போய்ப் பேசவில்லை. எனக்கும் கோபம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஐந்தாவது மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவன்தான்.

"யக்கா, இங்க தொட்டிய தொறந்து வெச்சினு எறங்கச் சொல்றாங்க. நாத்தமே இல்லக்கா. அதான் பயமா கீது. நீ இன்னா சொன்ன அன்னிக்கி?"

"எறங்கிட்டியா?"

"இல்லக்கா, மேலதான் நின்னுகினு கீறேன்."

"போனை அவங்ககிட்ட குடு" என்றேன்.

சத்தமான ஒரு ஆண்குரல் வந்தது. "யாரும்மா நீங்க? வேலைய நிறுத்தச் சொல்றதுக்கு?"

மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தேன். "சூப்பர்வைசர்" என்றேன்.

எந்தக் கம்பெனி, எந்த பில்டிங் என்று அவர் கேட்கவே இல்லை. சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், லாரிக்குச் சொல்றேன்" என்றார்.